பானைக்கு முன் தூக்கிய துதிக்கை

மலையடிவாரத்தில் கோரைக் குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் ஆறு யானைகள் வாழ்ந்தன. ஆறும் பெண் யானைகள். சுகிர்தம் என்பவள் அவர்களுக்குத் தலைவி.

யானைகள் நடப்பதில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவள் எங்கே கால் வைக்கிறாளோ, பின்னால் வருகிறவளும் அங்கேயே கால் வைப்பாள். பள்ளம், புதைசேறு, முள் எல்லாவற்றையும் முன்னால் போகிறவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கைதான். அதனால் ஆறு பேரும் நடந்துபோன தடத்தைப் பார்த்தால் ஒருத்தி மட்டும் நடந்தது போலவே இருக்கும்.

மாட்டுக் கொட்டிலில் பிறந்த ஆண்டவரைப் பற்றிய செய்தி அந்தக் காட்டுக்கும் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. ஊர் ஊராக நடந்தே திரிந்தவர் என்பதால் யானைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். காலையில் குளத்துக்கு வந்ததும் சுகிர்தம் தண்ணீரைத் தொடமாட்டாள். முதலில் துதிக்கையை வானத்தை நோக்கித் தூக்குவாள். அவருக்கு நன்றி சொல்லி முடித்த பிறகுதான் ஒரு வாய் குடிப்பாள். மற்ற ஐந்து பேரும் அப்படியே செய்வார்கள். "துதிக்கத்தானே நமக்குத் துதிக்கை" என்று அவள் தங்கை பாக்கியம் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். பக்கத்துக் காட்டுக் கூட்டங்கள்கூட, யானை என்றால் சுகிர்தத்தைப் போல இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டன.

சுகிர்தம் ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. மனிதர்கள் புதருக்குள் ஒளித்து வைத்திருக்கும் பானைகளை யாரும் முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. அவற்றில் இருப்பது சாராய ஊறல். வெல்லமும் மரப்பட்டையும் போட்டுப் புளிக்க வைத்தது. அதைக் குடித்த யானைக்குத் தன் கால் எது, அடுத்தவள் கால் எது என்று தெரியாமல் போய்விடும். இதை மழைக்காலத்தில் ஒரு தடவையும் கோடைக்காலத்தில் ஒரு தடவையும் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லுவாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குளம் சுருங்கி நடுவில் ஒரு குட்டையாக நின்றது. அதைச் சுற்றிலும் சேறு. புல் காய்ந்து சருகாகிவிட்டது. மரப்பட்டையை உரித்துத் தின்ன வேண்டியிருந்தது. அப்போது பார்த்து சுகிர்தத்துக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது. பட்டையைக் கடித்தால் வலி காது வரைக்கும் ஏறும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. தலைவியே வலிக்கிறது என்று நின்றால் மற்றவர்கள் சோர்ந்து போவார்கள் என்று நினைத்தாள்.

வலியை யானைகள் கவனிக்கவில்லை. ஒரு கரடி கவனித்தது.

அந்தக் கரடி பல நாளாகப் புதருக்குள் இருந்த நான்கு பெரிய பானைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. பானைகள் கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்தன. அவற்றின் மேல் ஒரு பெரிய பாறைப் பலகை. நான்கு ஆட்கள் சேர்ந்து தள்ளும் கல் அது. கரடி நகம் தேய்ந்ததுதான் மிச்சம். அந்தக் கல்லை நகர்த்த ஒரு துதிக்கை வேண்டும் என்று அதற்குப் புரிந்தது.

ஒரு மத்தியானம் மற்ற யானைகள் மருத மரத்தடியில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தன. கரடி மெதுவாகச் சுகிர்தத்திடம் வந்தது. பல்வலியைப் பற்றி அனுதாபமாக விசாரித்தது. தன் அம்மாவுக்கும் இப்படித்தான் பல் ஆடியது என்றும், ஊறலை ஒரு வாய் வைத்துக் கொப்பளித்ததும் வலி பறந்துவிட்டது என்றும் சொன்னது. சுகிர்தம் காதை விசிறி அதைப் போகச் சொன்னாள். கரடி போகவில்லை.

"உங்களை யாரும்மா குடிக்கச் சொன்னது? மருந்துன்னு நினைச்சுக்கோங்க. நீங்க வலியில படுத்துட்டா இந்த அஞ்சு பேரும் எங்க போவாங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளை அசைத்தது.

அவள் புதருக்குப் போனாள். கல்லை நகர்த்தினாள். புளித்த வாடை மூக்கில் ஏறியதும் மனசு குறுகுறுத்தது. அந்தக் குறுகுறுப்பை அடக்குவதற்காகத் துதிக்கையை வானத்துக்குத் தூக்கி வழக்கமான ஜெபத்தைச் சொன்னாள். ஆண்டவரே, இது மருந்து, உமக்குத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டாள். பிறகு குடித்தாள். வலி நிஜமாகவே மரத்துப்போனது. கரடியும் முட்டி போட்டு வயிறு முட்டக் குடித்தது. போகும்போது சுகிர்தம் கல்லைப் பழையபடி மூடி வைத்தாள். வாடை தெரியாமலிருக்க வேப்பிலையை மென்றுகொண்டு வந்து நிழலில் நின்றாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஒவ்வொரு நாளும் பானைக்கு முன்னால் துதிக்கையைத் தூக்கினாள். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை, பல் விழுந்ததும் நிறுத்திவிடப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டாம் நாள் பல் விழுந்துவிட்டது. ஒன்பதாம் நாளும் போனாள்.

பத்தாம் நாள் மத்தியானம் சுகிர்தம் அயர்ந்து தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது மருத மர நிழலில் அவளைத் தவிர யாரும் இல்லை.

ஒரு பிளிறல் பிளிறினாள். பதில் இல்லை. தரையைப் பார்த்தாள். அவளுடைய தடம் ஒன்றுதான் தெரிந்தது. தினமும் அவள் புதருக்குப் போய்வந்த அதே தடம். ஆனால் இன்று அது ஆழமாக இருந்தது. ஓரத்து மண் புதிதாகப் பெயர்ந்து கிடந்தது. அவள் அடியின் மேல், வரிசையாக, ஐந்து பேர் அடி வைத்துப் போயிருந்தார்கள்.

சுகிர்தம் அந்தத் தடத்தின் மேலேயே திரும்பினாள். அவளால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடினாள்.

புதருக்குள் கல் புரண்டு கிடந்தது. நான்கு பானைகளும் காலி. கரடி மல்லாந்து கிடந்து குறட்டை விட்டது. அங்கிருந்து குளத்தை நோக்கிச் செடிகள் நசுங்கிக் கிடந்தன. இப்போது தடம் ஒன்றாக இல்லை. ஐந்தும் ஐந்து திசையில் தள்ளாடி, ஒன்றின் மேல் ஒன்று மோதிப் போயிருந்தன.

குளக்கரையில் மூன்று பேர் விழுந்து கிடந்தார்கள். மூச்சு வந்தது. சேற்றுக்குள் இரண்டு பேர். குட்டைத் தண்ணீரைத் தேடி இறங்கியிருக்கிறார்கள். சித்தி மகள் மேரிதங்கம் முன்னால் போயிருந்தாள். அவள் முன்னங்கால் மடங்கி, முகம் குப்புறச் சேற்றில் கிடந்தது. துதிக்கை வெளியே தெரியவில்லை. சுகிர்தம் அவள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். காது அசையவில்லை. முதுகின் மேல் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது. மேரிதங்கம் அதை விரட்டவில்லை. அப்போதுதான் சுகிர்தத்துக்கு விளங்கியது.

மேரிதங்கத்துக்குப் பின்னால், வயிறு வரைக்கும் சேற்றில், பாக்கியம் நின்றாள். கண் பாதி மூடியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏண்டி குடிச்சீங்க? நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"சொன்னீங்கக்கா" என்றாள் பாக்கியம். நாக்கு குழறியது. "ஆனா நீங்க குடிச்சீங்களே."

சுகிர்தம் திரும்பிப் புதர் இருந்த பக்கம் பார்த்தாள்.

பாக்கியம் ஒளிக்காமல் சொன்னாள். ஐந்தாறு நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் விழித்திருக்கிறாள். அக்காவைக் காணவில்லை. அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயத்தில் தடம் பார்த்து வந்திருக்கிறாள். புதருக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். அவளுக்கு அக்காவின் மேல் சந்தேகமே வரவில்லை. அக்கா செய்தால் அது தப்பாக இருக்காது, இதற்கு ஆண்டவர் இப்போது அனுமதி கொடுத்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள். மற்றவர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். மேரிதங்கம் மட்டும் வேண்டாம் என்று தயங்கியிருக்கிறாள். பாக்கியம்தான் அவளைத் தேற்றிக் கூட்டி வந்தாளாம்.

"நாங்க சும்மா குடிக்கலக்கா. நீங்க செய்யற மாதிரி முதல்ல துதிக்கையைத் தூக்கி ஜெபம் பண்ணிட்டுத்தான் குடிச்சோம்."

இடி விழுந்திருந்தால்கூட சுகிர்தம் அப்படி அதிர்ந்திருக்கமாட்டாள். தன் மனக்குறுகுறுப்பை மூடுவதற்காகச் சொன்ன ஜெபம். அதைப் பார்த்துத்தான் இவர்கள் இதைப் பரிசுத்தமான காரியம் என்று நம்பியிருக்கிறார்கள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் மேரிதங்கம் செத்திருக்கிறாள். அந்தப் பிணத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.  

பாக்கியம் இன்னும் ஒரு சாண் இறங்கினாள்.

அதைக் கண்டதும் சுகிர்தத்துக்கு உணர்வு வந்தது. கரையில் நின்று கத்தினாள். நேராக நிற்காதே, பக்கவாட்டில் சாய், உடம்பைப் பரப்பு, ஒவ்வொரு காலாக இழு என்று சொன்னாள். சேற்றிலிருந்து யானை வெளியே வர வேறு வழி இல்லை. பாக்கியம் தலையை ஆட்டினாள். சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. போதையில் அவள் கால்களை உதைத்தாள். உதைக்க உதைக்க இறங்கினாள்.

வார்த்தை பயன்படாது என்று சுகிர்தத்துக்குத் தெரிந்தது. தன் வார்த்தைக்கு இருந்த மதிப்பைப் பானைக்குள் போட்டவள் அவளேதான்.

அவள் சேற்றுக்குள் இறங்கினாள்.

தங்கைக்கு எதிரே, அவள் கண்ணுக்கு நேராகப் போனாள். முழங்கால் வரைக்கும் இறங்கியதும் மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தாள். சேறு காதுக்குள் புகுந்தது. ஆண்டவரே, இப்போது எதையும் மூடி மறைக்க நான் கூப்பிடவில்லை, இவளைக் காப்பாற்றும் என்று மனசுக்குள் அழுதாள். வலது முன்னங்காலை இழுத்து மேலே பரப்பினாள். பிறகு இடது கால். சேறு அவளைத் தாங்கியது.

பாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் புத்தி மயங்கிக் கிடந்தது. ஆனால் அக்கா செய்வதைச் செய்யும் பழக்கம் புத்தியைவிட ஆழத்தில் இருந்தது. அவளும் சாய்ந்தாள். அவளும் வலது காலை இழுத்தாள். அக்கா கரைப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தால் தங்கையும் ஒரு முழம் நகர்ந்தாள். சூரியன் மேற்கு மலையைத் தொடும்போது இரண்டு பேரும் கரைக்கு வந்து விழுந்தார்கள்.

மேரிதங்கத்தை வெளியே எடுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மற்ற மூன்று பேருக்கும் போதை தெளிந்தது. குளத்தில் கிடந்ததைப் பார்த்து அலறினார்கள். பானைக்காரர்கள் வந்து கரடியைத் தடியால் அடித்து விரட்டும் சத்தம் தூரத்தில் கேட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சுகிர்தம் ஒன்றையும் மறைக்கவில்லை. பல்வலி, கரடியின் பேச்சு, வேப்பிலை, பல் விழுந்த பிறகும் போனது எல்லாவற்றையும் சொன்னாள். மேரிதங்கத்தைக் கொன்றது கரடி அல்ல, நான்தான் என்றாள். இனிமேல் யாரும் என் தடத்தைப் பார்த்து நடக்க வேண்டாம், நான் கடைசியில் வருகிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் நின்றாள்.

மற்ற நான்கு பேரும் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"ஆண்டவரை நாங்க பார்த்ததில்லக்கா" என்றாள் பாக்கியம். அவள் குரலில் போதை இல்லை. கோபமும் இல்லை. "அவர் எப்படி இருப்பார்னு உங்களைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். பின்னால போய் நின்னா மட்டும் நாங்க பார்க்காம இருந்துடுவோமா?"

மேரிதங்கத்தைப் பார்த்த அதிர்ச்சி ஒன்று. இது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. இத்தனை வருஷமும் நல்ல பெயரைச் சுமக்கிறோம் என்றுதான் சுகிர்தம் நினைத்திருந்தாள். ஐந்து உயிர்களைச் சுமந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அதை இறக்கி வைக்க இடம் இல்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது. 

அவள் அவர்களை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இன்னொரு பல்லும் ஆடுது" என்றாள். "வலி தாங்க முடியல. அந்தப் பானைப் பக்கம் போகணும்னு இப்பவும் ஆசையா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

இப்படி அவள் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. பாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள். இளசாக ஒரு மூங்கில் குருத்தைத் தேடி ஒடித்து, காலால் நன்றாக நசுக்கி, அக்காவின் வாயில் வைத்தாள். சுகிர்தம் அழுதுகொண்டே மென்றாள். அன்று முதல் அவர்களில் யாருக்கு எங்கே வலித்தாலும் எல்லோருக்கும் சொன்னார்கள். வழி மாறிப் போக ஆசை வந்தால் அதையும் சொன்னார்கள்.

கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவர் என்று பெயர் எடுத்தவருடைய வாய் சொல்வதை அல்ல, கால் போகும் இடத்தைத்தான் மற்றவர்கள் பின்தொடர்வார்கள். ஆகையால் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் நேரத்திலும் அவருடைய வழியிலேயே நடந்துகொள்ளுங்கள்.