வற்றியது எது

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தங்கமாரியப்பனுக்கு மீன் வளர்க்கக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. ஒருகாலத்தில் அவரிடமே எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது தூத்துக்குடியில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள்.

அவளிடம் கடல் மீனான கோமாளி மீன்கள் நான்கு வாங்கினார். மூன்று செத்துப்போயின. நான்காவது, தொட்டி மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. கடையில் இருந்தவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"பாரு! நீ சொன்னதுக்கு மேலேயே செய்யுதேன். இன்னும் என்னத்தத்தான் ஊத்தணும்?"

"இப்ப என்ன சார் ஊத்துதீங்க?"

"தினமும் தண்ணி குறையுதுல்லா? விடிஞ்சதும் கடலுக்குப் போய் ஒரு குடம் மோந்துட்டு வந்து நிரப்புதேன். இந்த முட்டி வலியோட!"

ஜெசிந்தா தலையில் கை வைத்தாள். தொட்டி விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. குடத்திலிருந்து ஒரு டம்ளர், தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து நீட்டினாள்.

"ரெண்டையும் நாக்குல வச்சுப் பாருங்க."

முதலாவதை அவர் எப்படியோ சகித்துக்கொண்டார். இரண்டாவதை வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார்.

"என்ன இது, இந்தக் கரி கரிக்குது!"

"வத்துறது தண்ணி மட்டும்தான் சார். உப்பு அங்கேயே கிடக்கு. அதுக்கு மேல நீங்க தினமும் உப்புத் தண்ணியா ஊத்துதீங்க."

"பின்னே எதை ஊத்த?"

"நல்ல தண்ணி. வத்தின அளவுக்கு மட்டும்."

"கடல் மீனுக்கு நல்ல தண்ணியா? விளையாடுதியா?"

அவள் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை மோந்து வெளியே கொட்டினாள். வடிகட்டிய நல்ல தண்ணீரை எடுத்து, நூல் போல மெதுவாக விட ஆரம்பித்தாள். வாத்தியாருக்குத் தாங்கவில்லை. ராப்பகலாகப் பாடுபட்டவன் கொலைகாரன் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறதே என்று பொருமினார்.

"நான் என்ன கவனிக்காமலா விட்டேன்? முப்பத்திநாலு வருஷம் பிள்ளைகள்ட்ட எவ்வளவு அக்கறையா இருந்தேனோ, அதே அக்கறைதான் இதுக மேலயும்!"

ஜெசிந்தா தண்ணீர் விடுவதை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"எட்டாப்புல எனக்குக் கணக்கு வரல. தப்பாப் போட்ட கணக்கை நூறு தடவை எழுதிட்டு வரச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா சார்?"

"ஏன் இல்லாம? அதுக்கும் நீ தேறல. இருநூறு எழுதச் சொன்னேன். அப்புறம் ஐநூறு. எல்லாம் உன் நல்லதுக்குத்தானே?"

"ஐநூறும் எழுதினேன் சார்."

"பிறகு ஏன் கணக்கு வரல?"

"கடைசி பெஞ்சுல இருந்து எனக்குப் போர்டு தெரியல சார்."