மரகதம் அம்மாளின் ஒளிவட்டம்

குற்றாலத்துக்குப் பக்கத்தில் மரகதம் அம்மாளுக்கு ஒரு சின்ன மடம் இருந்தது. அம்மாளுக்கு வயது நாற்பது. அவருடைய முதல் சீடர் குத்தாலிங்கத்துக்கு அறுபத்தைந்து. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தியான மண்டபத்துச் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான்.

ஆனி பிறந்ததும் சாரல் தொடங்கியது. உள்ளே தெறிக்கக் கூடாதென்று ஜன்னல்களை எல்லாம் சாத்திப் பூட்டினார். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணி உலர்த்த, மண்டபத்துக்குள்ளேயே கொடி கட்டிக் கொடுத்தார்.

அம்மாள் மதுரைக்குப் போயிருந்த சமயம். வடக்குச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. குத்தாலிங்கம் சுண்ணாம்பு அடித்தார். தோசை அகலத்துக்குத் திரும்பி வந்தது. அம்மாள் பார்த்தால் சாவி கையை விட்டுப் போய்விடும். அம்மாளின் படத்தையே அதன்மேல் மாட்டி, பெரிய மாலையும் போட்டார்.

பத்து நாளில் பூசணம் படத்தைச் சுற்றி வட்டமாக எட்டிப் பார்த்தது.

"ஒளிவட்டம்," என்றாள் தென்காசியிலிருந்து வந்த ஒருத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

குத்தாலிங்கம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக விடாத இருமலை இருமினார். மறுநாள் முப்பது பேர் சூடத்தோடு வந்தார்கள்.

அம்மாள் திரும்பியபோது கூட்டம் வாசல்வரை நின்றது. சுவரைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஏன் வாத்தியாரே, ஒளி கறுப்பாவா இருக்கும்?"

"ஜனங்க நம்புறாங்கம்மா. நம்பிக்கையைக் கலைக்கலாமா?"

அம்மாள் மாலையை விலக்கினார். கண்ணாடிக்குள்ளே, படத்தில் அவர் தாடை முழுக்கப் பூசணம்.

"தாடி வேற வெச்சிருக்கேன்."

குத்தாலிங்கம் துண்டால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"சாவியைக் கொடுங்க."

இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். அம்மாள் நான்கு ஜன்னல்களையும் திறந்தார். கொடியை அவிழ்த்து வெளிக்கொட்டகையில் கட்டினார். பிறகு சாவியை அவர் கையிலேயே வைத்தார்.

"எனக்கேவாம்மா?"

"எந்த ஜன்னல் இறுகிக் கிடக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும்."

நான்கு நாள் நல்ல வெயில் அடித்தது. குத்தாலிங்கம் சுவரைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, வெள்ளை அடித்தார். வட்டம் போயிற்று. அவருடைய இருமலும் போயிற்று. ஆனால் மறுநாள் பௌர்ணமி. சூடத்தோடு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

"ஒளிவட்டம் எங்கேன்னு கேட்டா என்னம்மா சொல்றது?"

அம்மாள் ஜன்னலோரமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு இப்போ தேவலைன்னு சொல்லுங்க."