ஓடும் குழாயில் ஒரு வால்வு

வால்வு தப்பு. கட்டர் உள்ளே போகவில்லை.

அதைத் தேர்ந்தெடுத்தவன் தொம்மை.

வயது ஐம்பது. வால்வுத் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவன். வால்வை மூடு, ஒழுகுகிறதா பார், அடுத்ததை எடு. அதுதான் அங்கே அவன் வேலை. இப்போது இசக்கியம்மாளிடம் தொழில் படிக்கிறான். அவள் அவனைவிட இளையவள். ஓடும் குழாயில் துளை போட அந்தக் கடற்கரையில் அவளை விட்டால் ஆள் இல்லை.

பள்ளத்தில் கிடந்தது ஊரின் பெரிய தண்ணீர்க் குழாய். அதிலிருந்து கிளை பிரித்து உப்பளக் காலனிக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கும் நிற்கும்.

ஆகவே குழாயைச் சுற்றி வாய் வைத்த பட்டையை இறுக்கி, அதன் வாயில் வால்வை மாட்டி, வால்வின் முதுகில் எந்திரத்தைப் பூட்டுவார்கள். திறந்த வால்வுக்குள் கட்டர் புகுந்து போய்க் குழாயைத் துளைக்கும். திரும்பி வந்ததும் வால்வை மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பொழுது சாய்ந்தால் எந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும். காலனிக்கு அப்புறம் அடுத்த வருஷம்தான்.

தொம்மையின் வீடு அந்தக் காலனியில்.

"என் வால்வுல என்ன குறை?" என்றான். "மூடினா ஒரு சொட்டு விடாது. நான் சோதிச்சது."

"நல்ல வால்வுதான்" என்றாள் இசக்கி.

"பெறவு?"

"கட்டரைக் கழட்டித் தூக்கிட்டுக் கொட்டகைக்கு வாங்கண்ணே."

தூக்கிக்கொண்டு போனான். பல் வைத்த இரும்புக் கிண்ணம். நல்ல கனம்.

தகரக் கொட்டகையின் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலின் நட்டநடுவில் இசக்கி ஒருக்களித்து நின்றாள்.

"உள்ள வாங்க."

"நீங்க நிக்கீங்களே."

"கதவு திறந்துதான கிடக்கு."

"நடுவுல நிக்கீங்கம்மா."

"ஒல்லியாத்தான நிக்கேன். ரெண்டு பக்கமும் இடம் கிடக்கு."

"தண்ணி வேணா போவும். இந்தக் கட்டர் எப்படிப் போவும்?"

அவள் நகரவில்லை.

தொம்மை கட்டரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் தேர்ந்தெடுத்த வால்வும் அப்படித்தான்; திறந்தாலும் அதன் தட்டு திரும்பிக்கொண்டு நடுவிலேயே நிற்கும்.

கட்டரைக் கீழே வைத்தான்.

"அந்தக் கேட் வால்வு உள்ளதான கிடக்கு?"

இசக்கி ஒதுங்கினாள்.

காலையில் அவன் வேண்டாமென்று ஒதுக்கியது அது. சுற்றிச் சுற்றிக் கை கடுக்கும். ஆனால் திறந்தால் அதன் பலகை முழுக்க மேலே ஏறிக்கொள்ளும். நடுவில் எதுவும் நிற்காது.

பழையதைக் கழற்றி இதை மாட்டினார்கள். கட்டர் புகுந்தது. குழாயைத் துளைத்தது. திரும்பி வந்தது.

தொம்மை வால்வை மூடினான். எந்திரத்தின் அடியில் இருந்த சின்னக் குழாயைத் திறந்துவிட்டான். உள்ளே தங்கிய தண்ணீர் வடிந்து நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. விரல் கனத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீகளா. நான் காலையிலயே சொன்னேன்லா, இது விடும்னு."

இசக்கி டீ குடித்தாள்.

"இப்பிடி ஒழுகினா எந்திரத்தைக் கழட்ட முடியாதே" என்றான் தொம்மை.

"முடியாது."

பள்ளத்துக்கு மேலே நின்ற வேலையாள் செல்லக்கனி இரும்புத் தடி ஒன்றை நீட்டினான். "இதை மாட்டி ஒரே இழுப்பு இழும் ஓய். நின்னுரும்."

தொம்மை தடியை வாங்கி வால்வின் சக்கரத்தில் கொடுத்தான். வெயில் மஞ்சளாகிவிட்டது. இழுத்தால் நிற்கலாம். வால்வு உடையவும் உடையலாம்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"நான் ஒதுங்கியாச்சு."

தொம்மை சின்னக் குழாயையே பார்த்தான். பிறகு தடியைத் தரையில் போட்டான்.

"எதுவோ நடுவுல நிக்கி" என்றான்.

சக்கரத்தைத் திறக்கிற பக்கம் திருகினான்.

"கிறுக்கு பிடிச்சுட்டா உமக்கு? மூடச் சொன்னா திறக்கீரே" என்றான் செல்லக்கனி.

சின்னக் குழாயில் தண்ணீர் பீறிட்டது. தொம்மை உள்ளங்கையை நீட்டிப் பிடித்தான். கையில் இரும்புத் துருவல் மினுங்கியது. கட்டர் சீவிப் போட்டது. பலகை போய் உட்காரும் பள்ளத்தில் கிடந்திருக்கிறது.

துருவல் வருவது நிற்கும்வரை ஓடவிட்டான். அப்புறம் மெல்ல மூடினான். தடி இல்லாமல், வெறுங்கையால்.

தாரை மெலிந்தது. சொட்டானது. அதுவும் நின்றது.

எந்திரத்தைக் கழற்றினார்கள். கிளைக் குழாயை இணைத்தார்கள். வால்வைத் திறந்தார்கள்.

காலனிக் குழாயில் முதலில் காற்று வந்தது. பிறகு செம்மண் கலங்கல். பிறகு தண்ணீர்.

குடத்தோடு நின்ற ஒருத்தி கேட்டாள்: "வால்வு ஒழுகி வேலை நின்னு போச்சுன்னாவளே. யாரு தாயி சரி பண்ணுனது? நீங்கதானா?"

"நான் டீ குடிச்சேன்."

"பெறவு யாரு?"

இசக்கி எந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "தொம்மை அண்ணன்."