வாய் திறக்காத ஆள்காட்டி

கருவேலங்காட்டுக் குளத்தின் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. அந்தக் குளத்துக்கு அதுதான் காவல். பாம்பு வந்தாலும் சரி, நரி வந்தாலும் சரி, "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று காடு முழுக்கக் கேட்கும்படி கத்தும். அந்தத் தொண்டையை நம்பித்தான் முயலும் காடையும் நீர்க்கோழியும் நிம்மதியாகக் கண் மூடின.

"இது கர்த்தர் கொடுத்த தொண்டை! கத்துறதுதான் நான் அவருக்குச் செய்யற ஊழியம்!" என்று ஆள்காட்டி எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும். பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் வேலையில் குறை வைத்ததில்லை.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. நடுவில் மிஞ்சிய சேற்றில் எருமைகள் கிடந்தன. கரையோரத்து வெடித்த தரையில் ஆள்காட்டியின் ஜோடியான பெண் குருவி நான்கு முட்டைகள் இட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெண் குருவி இரை தேடப் போயிருந்தது. வெயிலில் கண் கூசியது. அந்த நேரம் பார்த்து ஒரு நரி ஓசைப்படாமல் வந்துவிட்டது. ஆள்காட்டி வாயைத் திறப்பதற்குள் நரியின் முன்னங்கால் முட்டைகளுக்கு மேலே நின்றது.

"எங்கே, கத்து பார்ப்போம்! ஒரே மிதி!"

"வேண்டாம் நரியண்ணே! என்ன வேணும்னாலும் கேளு!"

"பெருசா ஒண்ணும் வேணாம் தம்பி. நான் வரும்போது நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. உன் முட்டையை நான் தொட மாட்டேன்!"

ஆள்காட்டி தலையை ஆட்டியது. பெற்ற மனம், வேறென்ன செய்யும்?

மறுநாளே முயலின் இரண்டு குட்டிகளில் ஒன்று காணாமல் போனது. முயல் அழுதுகொண்டே ஓடிவந்தது.

"அண்ணே! நீ பாக்கலையா?"

"தண்ணி குடிக்கப் போயிருந்தேன் தங்கச்சி" என்று ஆள்காட்டி பொய் சொன்னது.

அன்று முதல் அதற்கு வானத்தை நிமிர்ந்து பார்க்கவே பயம். கர்த்தர் பார்த்திருப்பார். கட்டாயம் இடி விழும் என்று ஒடுங்கிக்கொண்டு காத்திருந்தது. விழவில்லை. ஒரு மேகம்கூட வரவில்லை. வானம் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தது. அதுதான் இன்னும் நடுக்கமாக இருந்தது. அடித்துவிட்டாலாவது முடிந்தது என்று இருக்கலாம்.

அந்த வாரத்துக்குள் காடையின் முட்டைகள் போயின. நீர்க்கோழியின் குஞ்சுகள் போயின. ஆள்காட்டி ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல் காலையில் குளக்கரையில் ஆராதனை. கொக்கு பாட்டைத் தொடங்கியது. ராகம் சுமார்தான், யாரும் வெளியே சொல்வதில்லை. பாட்டு முடிந்து, கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்ததும் பெண் குருவி எழுந்து நின்றது. நரியோடு நடந்த பேச்சு எதுவும் அதற்குத் தெரியாது.

"இயேசப்பாவுக்கு ஸ்தோத்திரம்! இந்த வாரம் எத்தனையோ வீட்டுல அழுகை. எங்க நாலு முட்டையையும் அவர் கண்ணுக்குள்ள வச்சுக் காத்தார்!"

எல்லோரும் "ஆமென்" சொன்னார்கள். ஆள்காட்டி மட்டும் சொல்லவில்லை. நரி கொடுத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறாளே இவள்!

அப்போது முயல் மெதுவாகக் கேட்டது. "அப்படின்னா என் பிள்ளையை அவர் ஏன் காக்கலை?"

கொக்கு தொண்டையைக் கனைத்தது. பதில் தெரிந்த ஆள்காட்டி தலையைக் குனிந்துகொண்டது.

கூட்டம் கலைந்ததும் அது ஒரு புதருக்குப் பின்னால் போய் ஜெபம் செய்தது. "ஆண்டவரே, பாவம் பண்ணிட்டேன்! மன்னிச்சிடும்! இன்னும் நாலே நாள். குஞ்சு பொரிச்சதும் மறுபடி உமக்கே ஊழியம் செய்வேன்!"

கர்த்தரிடமே நாள் கேட்ட தைரியத்தை என்ன சொல்ல!

அன்று மத்தியானமே நரி வந்தது. காய்ந்த கோரைக்குள் வயிற்றைத் தேய்த்தபடி ஊர்ந்தது. அதற்கு நேர் எதிரே முயல் தன் மிச்சமிருந்த ஒரே குட்டியை அணைத்துக்கொண்டு தூங்கியது. ஆள்காட்டி காவல் இருக்கிறது என்ற நம்பிக்கை!

ஆள்காட்டி வழக்கம்போல் அந்தப் பக்கம் திரும்பப் போனது. நரி ஒரு கணம் நின்று அதைப் பார்த்தது. பல் தெரியச் சிரித்தது.

"நீ நம்ம ஆளு தம்பி!"

ஆள்காட்டிக்கு அந்த வெயிலிலும் உடம்பு சில்லிட்டுப் போனது. நம்ம ஆளு! தான் பயந்து காத்திருந்த இடி எப்போதோ விழுந்துவிட்டது, தனக்குத்தான் தெரியவில்லை என்று அதற்குப் புரிந்தது. இந்த ஏழு நாளும் தனக்கு எஜமான் நரிதான். நாளை கர்த்தர் முன்னால் நிற்கும்போது, "நீ யாருடைய ஆள்?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

முட்டைகளை நினைத்தது. ஆனால் நரியிடம் இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் இப்போது அதைப் பிடித்துக்கொண்டது.

"ஆண்டவரே, நாலு நாள் வேண்டாம்! இப்பவே!"

கத்தியது. ஏழு நாள் மூடிக்கிடந்த தொண்டை முதலில் கரகரத்தது. பிறகு காடே அதிர்ந்தது. "டிட்டிட்டீ! டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

முயலும் குட்டியும் ஒரே பாய்ச்சலில் புதருக்குள் மறைந்தன.

"துரோகி!" என்று உறுமியபடி நரி முட்டைகளை நோக்கி ஓடியது. பெண் குருவி சிறகை விரித்து முட்டைகள் மேல் படுத்துக்கொண்டு அலறியது. ஆள்காட்டி நரியின் கண்ணைக் குறிவைத்துப் பாய்ந்தது. நரி பெண் குருவியை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரு மிதி மிதித்தது. இரண்டு முட்டைகள் நொறுங்கின.

மறுபடி காலைத் தூக்கியது. அப்போது தரை அதிர்ந்தது. கத்தல் கேட்டு எழுந்த எருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு சேற்றிலிருந்து ஓடிவந்தன. நரி போன திசை தெரியவில்லை. அதன் பிறகு அது அந்தக் குளத்துப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

"நீ கத்தினா நாங்க வர மாட்டோமா?" என்றது முன்னால் வந்த எருமை. "போன வாரம் முழுக்க இங்கேதானே கிடந்தோம்!"

போன வாரமே கத்தியிருந்தால்! ஆள்காட்டி தரையில் விழுந்து அழுதது. நரி தூக்கிய காலையும், தான் ஆட்டிய தலையையும், தண்ணீர் குடிக்கப் போனதாகச் சொன்ன பொய்யையும் எல்லோர் முன்னாலும் ஒன்று விடாமல் சொன்னது. பெண் குருவி உடைந்த ஓடுகளையே பார்த்துக்கொண்டு நின்றது.

முயல் கிட்டே வந்தது.

"உன்னை என்னால இன்னும் மன்னிக்க முடியலை அண்ணே. அதுக்கு மனசு வேணும்னு ஜெபம் பண்றேன். நாளாகும். ஆனா நாளைக்கும் நீ கத்தணும்."

"கத்துறேன் தங்கச்சி! உயிரே போனாலும் கத்துறேன்!"

சொன்னபடியே செய்தது. திங்கட்கிழமை ஒரு பாம்பைக் கண்டு கத்தியது. புதன்கிழமை காற்றில் உருண்டுவந்த காய்ந்த முள்ளைக் கண்டும் கத்தியது. தூக்கம் கெட்டதே என்று யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் பெண் குருவி எழுந்து நின்றது. அதன் காலடியில் பொரித்து மூன்று நாளான இரண்டு குஞ்சுகள் நின்றன.

"இந்த வாரம் எங்க வீட்டுக்காரர் கத்தினார்" என்றது. "ஸ்தோத்திரம்."

எல்லோரும் "ஆமென்" சொன்னார்கள். முயலும் சொன்னது, கொஞ்சம் தாமதமாக.

பாவத்தை விடாமல் கேட்கும் மன்னிப்பு வெறும் பேச்சு. எதை இழந்தாலும் இன்றே கடவுள் பக்கம் வந்து நிற்பதுதான் மனந்திரும்புதல்.