ஆற்றைப் பட்டியில் அடைத்த கதை

முன்னொரு காலத்தில், ஆறு கரை உடைத்து வயல்களுக்குள் புகுந்த ஓர் ஆண்டில், ஒரு ராஜாவுக்கு விபரீதமான ஆசை வந்தது. வெள்ளத்தில் என்ன அழிந்ததோ அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகே விவசாயிகளுக்கு நிவாரணம் கொடுக்க வேண்டும். அந்த யோசனையை அவருக்குச் சொன்னவர் அமைச்சர் மாதவராயர்.

அழுகிய கதிரோடு சபைக்கு வந்தவர்கள் விதைநெல் வாங்கிப் போனார்கள். சடையன் என்ற விவசாயி வெறுங்கையோடு வந்து நின்றான்.

"உன் பயிர் எங்கே?" என்றார் மாதவராயர்.

"ஆத்தோட போயிடுச்சு சாமி. வயல்ல மணல்தான் கெடக்கு."

"காட்ட ஒன்றுமில்லை. ஆகவே கொடுக்கவும் ஒன்றுமில்லை."

"இந்த மாசம் வெதைக்கலன்னா இந்த வருசமும் போச்சுங்க."

அரசவை விகடகவி செங்கோடன் எழுந்தான். "பாதி இழந்தவனுக்கு உண்டு, முழுதும் இழந்தவனுக்கு இல்லையா, மன்னா?"

அவனை வீழ்த்த நாள் பார்த்திருந்த மாதவராயர் சிரித்தார். "இவ்வளவு இரக்கம் இருந்தால் அந்தப் பயிரை நீரே கொண்டுவாரும். நாளைக்குள் வராவிட்டால் சபையை விட்டு வெளியேறும்."

வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜாவும் தலையசைத்தார்.

"ஆகட்டும். ஒரு சந்தேகம், அமைச்சரே. அந்த ஆறு யாருடையது?"

"இதென்ன கேள்வி? மீனும் மணலும் தண்ணீரும் மன்னருடையவை. அதற்குத்தானே நீர்வரி வாங்குகிறோம்?"

மறுநாள் காலை செங்கோடன் சபையில் வந்து வணங்கினான். "மன்னா, தங்கள் உடைமை ஒன்று பட்டியில் அடைபட்டிருக்கிறது. உடையவர்தான் வந்து மீட்க வேண்டும்."

பிறர் பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பதும், மாட்டுக்காரர் ஈடு கொடுத்து மீட்பதும் அந்த நாட்டு வழக்கம். அரண்மனைக் குதிரை ஏதோ தப்பிவிட்டது என்று எண்ணி ராஜா கிளம்பினார். மாதவராயரும் பின்னால் போனார்.

பட்டியில் ஓர் எருமை நின்றது. பக்கத்து முளைக்குச்சியில், கழுத்தில் கயிறு கட்டிய ஒரு குடம் தண்ணீர். ஓரமாகச் சடையன்.

"என்ன இது?" என்றார் ராஜா.

"தங்கள் ஆறு, மன்னா. சடையன் வயலில் இறங்கி மேய்ந்துவிட்டது. முழுதையும் ஓட்டிவர முடியவில்லை. அகப்பட்டதைக் கட்டியிருக்கிறேன்."

"மேய்ந்த பயிரைக் காட்டச் சொல்லுங்கள்!" என்று கத்தினார் மாதவராயர்.

பட்டிக்காவலன் பூவாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "என்னங்கய்யா பேசுறீங்க? மாடு தின்ன பயிரை எவன் காட்டுவான்? தின்ன எடத்தைத்தான் காட்டுவான். மொட்டையா கெடந்தா முழு ஈடு. எங்கப்பன் காலத்துலேருந்து இதானே நடக்குது?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். செங்கோடனும் சிரித்தான். சடையன் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் ராஜாவின் சிரிப்பு நின்றது.

"பயிரைத் தவிர ஆறு வேறு என்ன எடுத்தது?"

"எம் பொஞ்சாதிய, சாமி."

ராஜா அவன் அருகில் வந்தார்.

"அதற்கு நான் என்ன ஈடு தர?" என்றார் ராஜா மெல்ல.

"அதுக்கு வேணாங்க. நெல்லுக்கு மட்டும் குடுங்க."

வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய அத்தனை பேருக்கும் அன்றே விதைநெல் போகட்டும் என்றார் ராஜா. மணல் மூடிய வயல்களைப் பார்த்துவர மாதவராயரை நடந்தே அனுப்பினார். தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடன் கழுத்தில் போட்டார்.

"இனி ஆற்றை அவிழ்த்துவிடலாமா?" என்று கேட்டார்.

சடையன்தான் அவிழ்த்தான். குடத்தைத் தூக்கினான். கீழே கொட்ட மனம் வரவில்லை. எருமையின் தொட்டியில் ஊற்றினான். அது குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.