சுண்ணாம்புக் கோட்டு வீடு

சுரண்டைப் பக்கம் சின்னச் சின்ன வீடாகக் கட்டிக் கொடுக்கிறவள் இசக்கியம்மாள். அவளிடம் தொழில் கற்க வந்த சிஷ்யர் அணைஞ்சபெருமாள் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மச்சானோடு கூட்டாக நடத்திய டைல்ஸ் கடையில் சண்டை போட்டுக்கொண்டு, "நானே வீடு கட்டிக் காட்டுதேன், பாரு" என்று சவால் விட்டுக் கிளம்பி வந்தவர். மனுஷனுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

அன்றைக்கு அவருக்கு முதல் வீடு. மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாகிவிட்டது. மறுநாள் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். வீட்டுக்காரர் சண்முகையா, மினி பஸ் டிரைவர். மனைவி பூரணவல்லியோடு பார்க்க வந்தார். பார்த்ததும் ரெண்டு பேர் முகமும் சுருங்கிப்போயிற்று.

"இதா ஹாலு?" என்றாள் பூரணவல்லி.

"ஆமாம்மா. பதினாலுக்குப் பன்னெண்டு."

"கோழிக்கூடு மாதிரில்லா இருக்கு!"

வெட்டவெளியில் கோடு போட்டால் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும். வீடு கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கட்டிக்கொள்கிறவர்களுக்கு யார் சொல்வது? அணைஞ்சபெருமாள் சொல்லித்தான் பார்த்தார். டேப்பை இழுத்து இழுத்துக் காட்டினார். அவர் இழுக்க இழுக்க அந்த அம்மாவுக்குச் சந்தேகம்தான் கூடியது.

"வேண்டாம் அண்ணாச்சி. நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்" என்றார் சண்முகையா.

அணைஞ்சபெருமாள் ஓரமாகப் போய் இசக்கியம்மாளுக்குப் போன் போட்டார். அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் ஓடிப்போய் மறித்துக்கொண்டார்.

"தங்கச்சி, மானம் போகுது! இது கைநழுவுச்சுன்னா நான் மச்சான் கடைக்கே திரும்பிப் போகணும். அவன் சிரிக்கிற சிரிப்ப என்னால பாக்க முடியாது. அளவு சரியா இருந்தும் ஏன் நம்ப மாட்டேங்காங்க?"

இசக்கியம்மாள் கோடுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பக்கத்து மனையில நம்ம ஆளுக டீ போடுற அடுப்பு இருக்குல்லா, அதத் தூக்கிட்டு வாங்க. ரெண்டு நாற்காலியும்."

அடுப்பை அடுப்படிக் கோட்டுக்குள் வைத்தார்கள். நாற்காலிகளை ஹாலில் போட்டார்கள்.

"பூரணம், ஒரு டீ போட்டுக் குடு தாயி. தொண்டை வறளுது."

வந்தவள் டீ கேட்கிறாள், மறுக்கவா முடியும்? பூரணவல்லி அரைமனசோடு போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் காயட்டும் என்று நிமிர்ந்தவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏங்க, இங்கன ஸ்டோர் ரூம் சுவரு வந்தா ரோடு மறைஞ்சிருமே!"

"மறைஞ்சா என்ன?" என்றார் சண்முகையா, நாற்காலியில் கால் நீட்டியபடி.

"உங்க பஸ்ஸு திரும்புறது தெரிஞ்சாத்தான நான் தோசைய ஊத்த முடியும்? ஆறிப்போன தோசைய வச்சா மூஞ்சியத் தூக்குவீங்க!"

"அப்ப அழிச்சிரு" என்றாள் இசக்கியம்மாள்.

பூரணவல்லி சிரித்துக்கொண்டே கால் கட்டைவிரலால் ஸ்டோர் ரூமைத் தேய்த்துவிட்டாள்.

"ஏ ஆத்தா! நாலு நாளு மண்டைய உடைச்சு வரைஞ்ச பிளானும்மா அது!" அணைஞ்சபெருமாள் அலறிவிட்டார்.

இசக்கியம்மாள் சுண்ணாம்புச் சட்டியை அவர் கையில் கொடுத்தாள். "பின்னால தள்ளிப் போடுங்க."

அவர் முனகிக்கொண்டே குனிந்து கோடு போட்டார். அதற்குள் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று சண்டை வந்துவிட்டது. சண்முகையா கிழக்கு என்றார். வெயில் அடித்தால் படம் எப்படித் தெரியும் என்று பூரணவல்லி அடுப்படியிலிருந்தே ஒரு சத்தம் போட்டாள். கடைசியில் டிவி வடக்குச் சுவருக்குப் போயிற்று. டீ வந்தது. நாலு பேரும் ஹாலில் குடித்தார்கள்.

அணைஞ்சபெருமாளுக்குத்தான் டீ உள்ளே இறங்கவில்லை. குருவின் காதருகே குனிந்தார்.

"தங்கச்சி, சிரிக்காங்க, பேசுதாங்க, எல்லாம் சரி. வீடு சின்னதுன்னாங்களே, அதுக்கு ஒரு முடிவு சொல்லலையே. கட்டுதோமா இல்லையான்னு கேட்டுரட்டுமா? எனக்குப் பதறிக்கிட்டு வருது."

இசக்கியம்மாள் அவர் காலைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கென்று கோட்டில் விட்டிருந்த இடைவெளியைக் காட்டினாள். அதற்கு வெளியே மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஒன்று அவளுடையது. மற்ற ரெண்டும் புருஷன் பெண்சாதியுடையவை.

"அதெல்லாம் அப்புறம் கேக்கலாம் அண்ணாச்சி. அவங்க வீட்டுக்குள்ள செருப்புக் காலோட நிக்கீங்க. மொதல்ல வெளிய கழட்டிப் போட்டுட்டு வாங்க."