புழு போட்ட மருதாணி

இது எங்க லாத்தா, அதான் எங்க அக்கா, செய்தூன் சொன்ன கதை. கதையில வர்ற செய்தூனும் அவளேதான். இருபது வருஷமா இதை நான் முழுசா நம்புனதும் இல்ல, நம்பாம விட்டதும் இல்ல. உனக்குச் சொல்லலாமா வேண்டாமான்னு நேத்து வரைக்கும் யோசிச்சேன். சரி, காலை நீட்டிப் படு. நீ "ம்" கொட்டணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு மொட்டைமாடி. தென்காசிப் பக்கம். அந்த மாடியில வெயில் உண்டு, காத்து உண்டு, காயப்போட்ட துணி உண்டு. ஒரு பிடி மண்ணு மட்டும் கிடையாது.

ம்?

அந்த மாடிக்குக் கீழ செய்தூன் இருந்தா. கல்யாணப் பொண்ணுங்களுக்கு மருதாணி போடுறது அவ வேலை. மருதாணிக் கோனைப் பிடிச்சா கை நடுங்காது. ஆனா அவளுக்குத் தெரிஞ்சது மூணே மூணு: ஒரு மாங்கா, ஒரு ரோஜா, ஒரு நிலா. பக்கத்து மாடி ஐசா மாமிக்குக் கேலி பண்ண அது போதாதா?

"ஏட்டி செய்தூன், பதினஞ்சு வருஷமா அதே மாங்காயைப் போடுறியே, இன்னும் பழுக்கலையா?"

செய்தூன் சிரிப்பா. உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருக்கும்.

அப்போ ஒரு நாள் பரக்கத்துன்னு ஒரு பொண்ணு வந்தா. ரெண்டு மாசத்துல அவளுக்குக் கல்யாணம். வலது கையைத் துப்பட்டாவுக்குள்ளயே வச்சிருந்தா. "கையைக் காட்டும்மா"ன்னா, இடது கையைக் காட்டுறா. "மத்தது?"ன்னு கேட்டா, மெதுவா வெளிய எடுத்தா.

புறங்கையில ஒரு தழும்பு. எட்டு வயசுல சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி சரசரன்னு வழிஞ்ச தடம். மணிக்கட்டுல நூலு மாதிரி மெல்லிசா ஆரம்பிச்சு, வளைஞ்சு வளைஞ்சு, சுண்டுவிரல் கிட்ட வரும்போது பட்டையா வெள்ளையா நிக்குது.

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும் லாத்தா. அது பிரச்சினை இல்ல. ஆனா கல்யாணத்தன்னிக்கு ஊருப் பொம்பளைங்க எல்லாம் வந்து கையைப் புரட்டிப் புரட்டிப் பாப்பாங்களே. அன்னிக்கு ஒரு நாள் இது தெரியக் கூடாது."

"தெரியாம போட்டுத்தாறேன்"னு செய்தூன் சொல்லிட்டா. வாய் சொல்லிருச்சு, கைக்குத் தெரியாது எப்படின்னு.

ம்?

மொதல்ல தழும்பு மேல மாங்கா போட்டுப் பாத்தா. காஞ்சு உதிர்ந்ததும் பாத்தா, தழும்புல சாயமே ஏறல. மாங்காயை யாரோ கத்தியால கீறுன மாதிரி இருந்துச்சு. போட்ட மருதாணி வெளுக்கப் பத்து நாளுக்கு மேல ஆகும். வெளுத்தாத்தான் அடுத்தது. அப்புறம் ரோஜா போட்டு, சாயம் ஏறட்டும்னு சீனித்தண்ணி தடவி, கிராம்பு ஆவி பிடிச்சா. ரோஜா செவந்துச்சு, தழும்பு அசையல. அப்புறம் நிலா போட்டா, புறங்கை முழுக்க ஒரே நிலா, இடைவெளியே இல்லாம. அடடா, சுத்தி இருட்டானதும் தழும்பு இன்னும் பளிச்சுன்னு ஆயிருச்சு. பரக்கத் கையைத் துப்பட்டாவுக்குள்ள எடுத்து வச்சுக்கிட்டா. அதுதான் செய்தூனுக்குத் தாங்கல.

இந்த நாளெல்லாம் செய்தூன் மாடியில போய்ச் சும்மா நிப்பா. மொத மாங்கா தோத்துப்போன அன்னிக்கே ஐசா மாமி பாத்துட்டா. கைப்பிடிச்சுவரு மேல மூணு கறுப்பு விதையை வச்சா. பீர்க்கங்காய் விதை.

"விரலு சும்மா கிடந்தா மனசைப் போட்டுப் பிராண்டும். இதை ஊணு."

"மண்ணுக்கு எங்க மாமி போவேன்?"

"என் தலையிலயா இருக்கு? வாய்க்கா கரையில போய் அள்ளு."

அள்ளுனா. பழைய பெயிண்டு வாளி மூணு. மண்ணைச் சுமந்துக்கிட்டு தொம் தொம்னு படி ஏறுனா. ஒரு வாளியில ஓட்டை போட மறந்துட்டா. விதை நீச்சலடிச்சு நீச்சலடிச்சு அழுகிப்போச்சு. இன்னொரு வாளியில ஒரு அணில் வந்து பரபரன்னு தோண்டுச்சு, கறுக்முறுக்னு தின்னுட்டு வாலை ஆட்டிட்டுப் போயிருச்சு. மூணாவது வாளியில ஆறாம் நாளு, தலையில விதைத்தொலியைத் தொப்பியா மாட்டிக்கிட்டு ஒண்ணு எட்டிப் பாத்துச்சு.

ம் கொட்டு. தூங்கிட்டியா? சரி.

அப்புறம் அவளுக்கு மாடியே வீடாச்சு. கொடி ஒரு சுருளை நீட்டும், துணிக்கொடியைத் தொடும், பிடிச்சுக்கும். உத்துப் பாத்தா, அந்தச் சுருள் பாதி இந்தப் பக்கமா சுத்தி, நடுவுல நின்னு, மீதி அந்தப் பக்கமா சுத்தியிருக்கும். இதை யாரு அதுக்குச் சொல்லிக் குடுத்தா? செய்தூனுக்கு விரல் அரிச்சுச்சு. பழைய காலண்டர் தாளுல அந்தச் சுருளை வரைஞ்சா. மறுநாள் மொட்டை வரைஞ்சா. பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் மாங்கா இல்லாத ஒரு தாளு! ஆனா பரக்கத் கைக்கு வழி மட்டும் தெரியல.

நாளைக்குக் கல்யாணம். இன்னிக்குச் சாயங்காலம் மருதாணி போடணும். காலையில ஐசா மாமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துறா.

"ஏட்டி, இலையில பூச்சி விழுந்திருக்கு பாரு! வெள்ளை வெள்ளையா கோடு. பறிச்சு எறி, இல்லைன்னா கொடியே போயிரும்."

செய்தூன் காம்பைப் பிடிச்சா. கிள்ளப் போனவ, இலையை வெயிலுக்கு நேரா தூக்கிப் பாத்தா. பெரிய இலை, அஞ்சு முனை, விரிச்ச கை மாதிரியே. அதுல வளைஞ்சு வளைஞ்சு ஒரு வெள்ளைக் கோடு. ஆரம்பத்துல நூலு மாதிரி மெல்லிசு. போகப் போகப் பட்டை. பட்டை முனையில, இலையோட மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவுல, எள்ளை விடச் சின்னதா ஒரு மஞ்சப் புழு. நறுக் நறுக் நறுக்னு பச்சையைத் தின்னுக்கிட்டே போகுது. குட்டியா இருக்கும்போது போன பாதை மெல்லிசு, வளர்ந்தப்புறம் போன பாதை பட்டை.

இலை அந்தக் கோட்டை மறைக்கல. சுத்திப் பச்சையா இருந்துச்சு, அவ்வளவுதான்.

"மாமி, பறிக்க மாட்டேன்!"

"கிறுக்கி!"

அப்போ அவ என்ன செஞ்சா தெரியுமா? செடியை வாளியோட தூக்கி இடுப்புல வச்சா. கொடியை அவுத்துக் கழுத்துல மாலையா சுத்துனா. மூணு தெரு நடந்து கல்யாண வீட்டுக்குப் போனா. தெருவே சிரிச்சுச்சு. வாளியோட நடந்ததைத்தான் நான் மொதல்ல நம்பல. அப்புறம் ஐசா மாமியே சத்தியம் பண்ணிச் சொன்னா.

பரக்கத் பக்கத்துல வாளியை வச்சுட்டு செய்தூன் கோனை எடுத்தா. தழும்பைத் தொடவே இல்ல. ரெண்டு பக்கமும் மயிரிழை தள்ளி நிறுத்தி, சுத்தி இலை போட்டா, நரம்பு நரம்பா. பரக்கத் வெடுக்குன்னு கையை இழுத்தா.

"லாத்தா! தெரியுதே!"

"தெரியும்."

"தெரியாம போடுறேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். இந்த இலையைப் பாரு மொதல்ல."

பரக்கத் பாத்தா. இலையைப் பாத்தா, கையைப் பாத்தா, புழுவைப் பாத்தா. அது நறுக் நறுக்னு அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. அப்புறம் தானாவே கையை நீட்டுனா.

மறுநாள் பொம்பளைங்க வந்தாங்க. சலசலன்னு பேச்சு. ஒரு கிழவி கையைப் பிடிச்சா, புரட்டுனா, கண்ணு கிட்ட வச்சுப் பாத்தா. செய்தூன் கதவு ஓரத்துல நிக்குறா.

"ஏளா, நடுவுல ஒரு வெள்ளைக் கொடி ஓடுதே, மருதாணியில வெள்ளை எப்படி வந்துச்சு?"

பரக்கத் சொன்னா: "அது எட்டு வயசுல போட்டது பெரியம்மா. மத்ததுதான் நேத்துப் போட்டது."

கிழவி அப்புறமும் கையை விடல. தடவித் தடவிப் பாத்தா. "நல்லா இருக்கு, ஏளா"ன்னா.

ம்?

ம் சத்தமே காணோம். புழுவுக்கு ரெக்கை முளைச்சுருச்சு, இலை காத்துல படுத்துக்கிச்சு, இனி நீயும் நானும்தான் பாக்கி, கண்ணை மூடு.

லாத்தா எப்பவும் இங்கதான் நிறுத்துவா. நான் இத்தனை வருஷமா சந்தேகப்பட்டது புழுவை இல்ல. மருதாணி வெளுக்கும்ல, அதைத்தான். பதினஞ்சு நாள்ல இலை பூரா போயிரும், கோடு மட்டும் கிடக்கும். போன வாரம் அவ மாடிக்குப் போயிருந்தேன். இப்போ அங்க இருபது வாளி. பீர்க்கங்காய் பறிச்சுக்கிட்டு இருந்தவகிட்ட ஒருவழியா கேட்டேன்:

"லாத்தா, இலை வெளுத்துப் போனப்புறம் அந்தப் பொண்ணு கையை வெளிய வச்சிருந்தாளா, மறுபடியும் துப்பட்டாவுக்குள்ள வச்சுக்கிட்டாளா?"

லாத்தா பறிச்ச காயை என் மடியில போட்டுட்டுச் சொன்னா: "போன மாசம் விதை வாங்க வந்தா, ரெண்டு கையையும் சேத்துத்தான் நீட்டுனா."